இன்சுலினும் பால்கோவாவும் ஒரே பெட்டியில்

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. டி.வி.க்கு உறை, மிக்ஸிக்கு உறை, வாஷிங் மெஷினுக்குப் பூப்போட்ட உறை. ஃப்ரிட்ஜுக்குத் தலையில் ஒரு துணி, கைப்பிடிக்குத் தனியாக ஒரு துணி. டி.வி. ரிமோட் வாங்கி வந்த நாளிலிருந்து பாலிதீன் பைக்குள்தான் இருக்கிறது. எந்தப் பொத்தான் எது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, பிறகு இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து, அதிலிருந்தும் ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரரின் கொள்கை இது. பொருள் என்றால் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே கடைசி வரைக்கும் இருக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்பதெல்லாம் அடுத்த கேள்வி.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் சுற்றுலாவுக்கு ஓடிக்கொண்டிருந்த வண்டி. இருக்கைகளைக் கழற்றிவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு, கழுவுகிற தொட்டி எல்லாம் வைத்து, அதிலேயே சமைத்து அதிலேயே படுத்து, இமாச்சலம் வரைக்கும் போகப் போகிறோம் என்றார்.

"ரயில்ல போயி லாட்ஜ்ல தங்கினா ஆகாதா?" என்று கேட்டேன்.

"மிலிட்டரிக்காரன் லாட்ஜ்ல படுப்பானா?" என்றார். ஏன் படுக்க மாட்டான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இமாச்சலத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே ஒரு மலை முகாமில் அவர் பல வருடம் இருந்திருக்கிறார். லீவில் வரும்போதெல்லாம் பனிக்குள் நிற்கிற போட்டோவைக் காட்டி, "பொறவு ஒன்னையக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்" என்பார். நான் இங்கே பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். பனி எத்தனை டிகிரியில் உருகும் என்று கரும்பலகையில் எழுதி எழுதியே என் சர்வீஸ் முடிந்தது. உருகுகிற பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அதை இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் நான் போவதற்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. எனக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. சூடு பட்டால் இன்சுலின் செத்துப்போகும். பார்க்க அப்படியேதான் இருக்கும், உடம்பில் ஏறினால் வேலை செய்யாது. நம் ஊர் வெயிலில் பூட்டிக் கிடக்கிற வேனுக்குள் டீயே போட்டுவிடலாம். மாதக்கணக்கில் பயணம் என்றால், கையிருப்பு இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். அது ஓடினால் நான் பனியைப் பார்க்கலாம். ஓடாவிட்டால் வீட்டில் இருக்கலாம். ஆகவே வேனுக்கு என்ன பேட்டரி, என்ன இன்வெர்ட்டர், என்ன சோலார் என்பது மற்றவர்களுக்கு விளையாட்டாக இருந்திருக்கலாம், எனக்கு அப்படி இல்லை.

இதை முடிவுசெய்ய எங்கள் ஹாலில் ஒரு கூட்டம் கூடியது. மூன்று பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவர் அவருடைய தம்பி, என் கொழுந்தனார். இராஜபாளையத்தில் இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறார். மூன்றாமவர் மம்சாபுரத்துக்காரர், பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், வீட்டுக்காரரின் கூட்டாளி. வேனை மாற்றி மாற்றி ஓட்ட எங்களோடு வருவதாக ஏற்பாடு. மின்சாரத்தைப் பற்றிப் பேசத்தான் கூட்டம். அந்த வீட்டில் மின்சாரத்தை வாழ்நாள் முழுக்கப் பாடம் நடத்திய ஒருத்தி இருந்தாள். அவளைக் காபி போடச் சொன்னார்கள்.

"மொதல்ல லோடு எம்புட்டுன்னு பாக்கணும்" என்று கொழுந்தனார் ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் சொன்னதில் சரியான வாக்கியம் அது ஒன்றுதான்.

"ஏசி இல்லாம வண்டிக்குள்ள எப்பிடிப் படுக்க?" என்றார் மம்சாபுரத்துக்காரர்.

"நாம போறது பனி பெய்யுற ஊருக்கு" என்றேன், தம்ளரை நீட்டிக்கொண்டே.

"போற வழில நாக்பூர் இருக்குல்லா டீச்சர்?"

அடுத்தது கிரைண்டர். வெளியூரில் எங்கேயும் இட்லி இட்லியாக இருக்காது என்பது என் வீட்டுக்காரரின் அனுபவம். ராணுவத்தில் இத்தனை காலம் சப்பாத்தி தின்றே உயிரோடு இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாதம் இட்லி இல்லாமல் இருக்க முடியாதாம். பிறகு டி.வி. பிறகு பாட்டுக் கேட்க இரண்டு பெரிய பாக்ஸ். பிறகு கலர் கலராக மாறுகிற விளக்கு. "நாலு பேர் வந்து பாத்தா ஒரு இது இருக்கணும்லா?" என்றார் கொழுந்தனார். இமயமலை அடிவாரத்தில் வந்து பார்க்கப்போகிற அந்த நாலு பேர் யார் என்று அவர் சொல்லவில்லை.

"ஃப்ரிட்ஜ்" என்றேன்.

"அது சின்ன லோடு மதினி. அது பாட்டுக்கு ஓடிட்டுப் போகுது."

"தம்பி, சின்ன லோடுதான். ஆனா கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும், ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க ஓடும். வாட்ஸ மட்டும் பாக்காதீங்க. எத்தன மணி நேரம்னு சேத்துப் பெருக்குங்க. மொதல்ல ஃப்ரிட்ஜுக்கு வேண்டியத எடுத்து வச்சிட்டு, மிச்சம் இருந்தா டி.வி. பாருங்க."

கொழுந்தனார் சிரித்தார். "மதினி, இது புஸ்தகத்துல உள்ள கரண்ட் இல்ல. இது பிராக்டிகல்."

புத்தகத்தில் ஓடுகிற கரண்ட் எது, கம்பியில் ஓடுகிற கரண்ட் எது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கின ஒன்று, இந்தக் கொழுந்தனார் பிளஸ் டூவில் இயற்பியல் தேறியதே நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததால்தான். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் கையில் என் காபி இருந்ததால் விட்டுவிட்டேன்.

பேட்டரி விஷயத்தில் விவாதமே நடக்கவில்லை. ஊரில் வீட்டுக்கு வீடு கரண்ட் போனால் ஓடுவதற்கு ஒரு இன்வெர்ட்டரும், அதற்குக் கீழே உயரமாக ஒரு ட்யூபுலர் பேட்டரியும் இருக்கும். மூலையில் உட்கார்ந்திருக்கும், அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். கொழுந்தனார் கடையில் அதுதான் இருக்கிறது. ஆகவே வேனுக்கும் அதுதான், இரண்டு.

"வீடு ஒரே எடத்துல நிக்கும் தம்பி. வேன் ஓடும். அதுக்குள்ள இருக்கறது ஆசிட். குலுங்கினா மூடி வழியா தெறிக்கும். சார்ஜ் ஏறயில கேஸ் வேற வரும், நாம அதுக்குப் பக்கத்துலதான் படுத்துருப்போம். லித்தியம் பாருங்க. வெயிட்டும் கொறவு."

"கட்டிப் போட்டுருவோம் மதினி" என்றார்.

நிஜமாகவே கட்டிப்போட்டார்கள். முரட்டு மாட்டைக் கட்டுவது போல இரண்டு பேட்டரிக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. காவலுக்கு மம்சாபுரத்துக்காரரே பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பாடி கட்டுகிற பட்டறை வரைக்கும் வெள்ளோட்டம். நானும் போனேன். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் வேகத்தடை போடாத ஊரே கிடையாது. ஒவ்வொன்றிலும் வேன் தூக்கிப்போட்டது; ஒவ்வொரு தடவையும் பேட்டரி மூடியில் லேசாக ஒரு சத்தம் வந்தது. பட்டறையில் இறங்கி டீ குடித்து முடிப்பதற்குள் மம்சாபுரத்துக்காரரின் பேண்ட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள். திரும்பி வருவதற்குள் முழங்கால் நன்றாகவே வெளியே தெரிந்தது. மிலிட்டரி கேண்டீனில் வாங்கிய பேண்ட். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சிருக்கும் போல" என்றார். கொழுந்தனார், "ஆமாண்ணே, இப்பம் எலித் தொல்ல சாஸ்திதான்" என்றார். அவர்கள் இரண்டு பேரும், ஓட்டையின் ஓரமெல்லாம் மஞ்சளித்துப் போன துணியைப் பார்த்துக்கொண்டு, எலியைப் பற்றிப் பேசிக்கொண்டே இராஜபாளையம் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த வாரம் கொழுந்தனார் வந்தார். "மதினி, லித்தியம்னு ஒண்ணு வந்திருக்கு. குலுங்கினாலும் ஒண்ணும் ஆகாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்பிடியா தம்பி?" என்றேன். வேறு என்ன சொல்ல.

இன்வெர்ட்டர் எவ்வளவு பெரியது என்பதில் என் வீட்டுக்காரருக்குச் சந்தேகமே இல்லை. கடையிலேயே பெரியது எதுவோ அது. ஃப்ரிட்ஜையும் அதிலேயே செருகிவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேட்டரி கரண்ட்டை இன்வெர்ட்டர் வீட்டுக் கரண்ட்டாக ஏற்றி, அதை ஃப்ரிட்ஜ் திரும்ப இறக்கி ஓடுவது, கிணற்றுத் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றி, குழாயில் இறக்கி, கிணற்றடியிலேயே குளிப்பது மாதிரி. வழியிலேயே பாதி வீணாகும். பேட்டரியில் நேரடியாக ஓடுகிற டி.சி. ஃப்ரிட்ஜ் இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பட்டறைக்காரரிடம் அதையே வரவழைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அது வந்து இறங்கியபோது வீட்டுக்காரர், "நீயா வாங்கச் சொன்ன?" என்று கேட்டதோடு சரி. ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. எனக்கு வேலை நிம்மதியாக நடந்தது.

கூரையில் இரண்டு சோலார் பலகைகள் மாட்டினார்கள். ஏசி வைக்க அதனால் இடம் இல்லாமல் போனது. மம்சாபுரத்துக்காரர் நாக்பூரை நினைத்துக் கொஞ்சம் வருந்தினார். பலகை மாட்டி முடித்த அன்று என் வீட்டுக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு பட்டறை ஏணியில் ஏறி, நீளம் அகலம் எல்லாம் அளந்துகொண்டிருந்தார். நான் கீழே நின்று பார்த்தேன். பரவாயில்லை, இவருக்கும் அக்கறை வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பூஜை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்கு மாலை, ஸ்டீயரிங்குக்குச் சந்தனம், இன்வெர்ட்டருக்குச் சந்தனம், பேட்டரிக்குச் சந்தனம். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணில் காட்டுகிற ஒரு சின்ன மீட்டர் கட்டிலுக்கு மேலே இருந்தது. அதன் முகத்தில் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். எண் எதுவும் தெரியவில்லை. தெய்வ முகம் மாதிரி லட்சணமாக இருந்தது. பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காய்ந்து கல்லாகிவிட்டது.

அன்றைக்கே பரீட்சையும் வைத்தேன். மூன்று நாள் வேன் வாசலிலேயே நிற்கட்டும், ஃப்ரிட்ஜ் ஓடட்டும், என் இன்சுலின் பிழைக்கிறதா பார்ப்போம் என்றேன். தேதி முடிந்துபோன இரண்டு குப்பிகளையும், ஆய்வக ஞாபகமாக நான் வைத்திருந்த தெர்மாமீட்டரையும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் பெட்டி டாஷ்போர்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், வெயிலில் இருந்தது. ஃப்ரிட்ஜுக்குள் கழுத்து வரைக்கும் பால்கோவா. போகிற வழியெல்லாம் வீட்டுக்காரரின் பழைய பட்டாளத்துக் கூட்டாளிகள் இருக்கிறார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து போகிறவன் வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லையாம். இங்கேயே மூன்று நாள் கெடாமல் நின்றால்தானே டெல்லி வரை நிற்கும், அதற்குத்தான் அவரும் பரீட்சை வைத்திருக்கிறாராம்.

பால்கோவா டப்பாக்களில் பாதியை எடுத்து வெளியே வைத்துவிட்டு என் பெட்டியை உள்ளே வைத்தேன். அவருக்குப் பதறியது.

"ஏட்டி, வெளிய வச்சா கெட்டுப் போயிரும்ட்டி!"

"நான்?"

"நீ எங்க கெட்டுப் போற?" என்றார். வண்டி பார்க்க வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சர்க்கரைக்காரியின் மருந்தைத் தள்ளிவிட்டு இனிப்பைக் குளிர வைக்கிற வீட்டில் வேறு என்ன செய்ய.

பூஜை நாளிலிருந்து தளவாய்புரம், சேத்தூர் என்று சொந்தம் வந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள், டி.வி.யைப் போட்டு அரை சினிமா பார்த்தார்கள், போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். கலர் விளக்கு மாறி மாறி எரிந்தது. நான் கவலைப்படவில்லை. கூரையில் இரண்டு பலகை இருக்கிறது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. எடுக்க எடுக்க வரும் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஃப்ரிட்ஜைத் திறந்தேன். புளித்த வாடை முகத்தில் அடித்தது. தெர்மாமீட்டர் உள்ளேயும் வெளியேயும் ஒரே கணக்குக் காட்டியது. விளக்கு எரியவில்லை. பேட்டரி ஒட்ட வறண்டு கிடந்தது.

மறுபடியும் ஹாலில் கூட்டம். பால்கோவாவுக்கு முதலில் துக்கம் விசாரித்தார்கள். பிறகு காரணம் தேடினார்கள்.

"லித்தியம் நம்ம ஊர் சூட்டுக்கு ஒத்துக்காதுண்ணே. நான் அப்பமே சொன்னேன்" என்றார் கொழுந்தனார்.

"ஃப்ரிட்ஜுதான் இழுக்குது. ராவும் பகலும் ஓடுனா எதுதான் தாங்கும்?" என்றார் மம்சாபுரத்துக்காரர்.

என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். "அப்பம் ஃப்ரிட்ஜ எடுத்துருவோம். அது இல்லன்னா டி.வி., கிரைண்டர் எல்லாம் நல்லா ஓடும்."

"அப்பம் டீச்சருக்கு ஊசி?" என்று மம்சாபுரத்துக்காரர்தான் கேட்டார். ஓட்டை விழுந்த பேண்ட் என்றாலும் மனுஷன் அதைக் கேட்டார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. டி.வி. உறையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ இந்தத் தடவ வேண்டாம். நாம ரெண்டு பேரும் போயி ரூட்டப் பாத்துட்டு வந்துருவோம். பொறவு அவளக் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் 'பொறவு' எனக்கு நன்றாகப் பழக்கமான சொல். கல்யாணமான வருடத்திலிருந்து கேட்டுவருகிறேன். ஆனால் அன்றைக்கு அது நெஞ்சில் குத்தியது. இவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார் என்பதுதான் தாங்கவில்லை. பால்கோவாவுக்குப் பட்ட வருத்தத்தில் பாதிகூட அந்தக் குரலில் இல்லை. நான் காபித் தம்ளர்களை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

உச்சி வெயில். இவ்வளவு வெயிலில் ஒரு பேட்டரி எப்படி வறண்டுபோகும்? எந்தக் கம்பி கழன்றது என்று பார்த்துவிடுவது என்று வேனின் பின்பக்கத்து ஏணியில் காலை வைத்தேன். முழங்கால் வலியோடு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினேன். எதிர்வீட்டு வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கட்டுவதை நிறுத்தினார்கள்.

என் தலை கூரைக்கு மேலே வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

சோலார் பலகைகளுக்கு உறை போட்டிருந்தது. பட்டாளத்துப் பச்சைக் கித்தான் துணி. டெய்லரிடம் கொடுத்து அளவெடுத்துத் தைத்தது. ஓரமெல்லாம் மடித்து இரட்டைத் தையல், பித்தளைப் பொத்தான், நாலு மூலையிலும் நாடா, நாடாவில் பட்டாளத்து முடிச்சு. காற்றுப் புகக்கூட வழியில்லை. ஒரு பொத்தானை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே பலகை வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே நீலமாக, ஒரு தூசி இல்லாமல் இருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. வேன் மேல் தனியாக நின்று, வயிறு குலுங்கச் சிரித்தேன். அது எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு மூன்று பேரும் வெளியே வந்தார்கள்.

"ஏட்டி, எறங்கு. விழுந்துருவ!" என்றார் வீட்டுக்காரர்.

"இத யாரு போட்டது?"

"நாந்தான். பூஜை முடிஞ்சதும் போட்டேன். பெறகு? அம்புட்டு ரூவா போட்டு வாங்குனது, சும்மா நிக்கையில எதுக்கு வெயில்ல கெடந்து காயணும்? கெட்டுப் போயிரும்லா. கெளம்புற அன்னைக்குக் கழட்டிக்கிடலாம்னு..."

இன்வெர்ட்டர் கடைக்காரரை நான் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். "நானும் பாத்தேன் மதினி. ராத்திரிப் பனிக்குப் போட்டிருக்காகன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு இறங்கி வரப் பொறுமை இல்லை. மேலே நின்றே பேசினேன். தெருவே கேட்டது, கேட்கட்டும்.

"அதோட வேலையே வெயில்ல கெடக்கறதுதான். கெட்டுப் போயிரக் கூடாதுன்னு பொத்திப் பொத்தி வச்சா புதுசா இருக்கும், ஒண்ணுக்கும் ஆகாது. என்னையும் நீங்க அப்பிடித்தான் வச்சிருந்தீக. குளுரு ஒத்துக்காது, தூரம் ஒத்துக்காது, பொறவு பாப்போம், பொறவு பாப்போம்னு. எனக்கு அறுபது தாண்டிட்டு. இனிப் பொறவு கெடையாது. நான் வாரேன். என் ஃப்ரிட்ஜும் வருது. நீங்க வாரீகளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

 பட்டாளத்தில் குண்டுச் சத்தத்துக்கெல்லாம் அசையாதவர் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வாசலில் வாயைத் திறந்தபடி நின்றார். நான் முடிச்சுகளை அவிழ்த்து உறையை உருவிக் கீழே எறிந்தேன். அது மம்சாபுரத்துக்காரர் தலையில் விழுந்தது. பாவம், அவருக்கு இந்த வேனால் வந்த கஷ்டம் எல்லாம் உடுப்பு வழியாகவே வந்தது.

இறங்கி வந்து மீட்டரில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். பத்து, பன்னிரண்டு என்று எண் ஏற ஆரம்பித்தது. செத்த நேரம் கழித்து வீட்டுக்காரர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது. கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது மாதிரி ஒவ்வொரு எண்ணாக எனக்குக் கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தார். கிரைண்டரை மறுநாள் அவரே இறக்கி வீட்டுக்குள் வைத்தார். அதற்கும் ஒரு உறை போட்டார்.

கிளம்பினோம். வழியெல்லாம் எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு சண்டைதான். வண்டியை எங்கே நிறுத்துவது. மர நிழலைக் கண்டால் அவர் கை தானாக ஸ்டீயரிங்கை ஒடிக்கும். நான் வேண்டாம் என்பேன். வேன் நடு வெயிலில் நிற்கும். அவர் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்து, பிள்ளையை வெயிலில் விட்டவர் மாதிரி வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடியது. என் இன்சுலினுக்கு மேல் தட்டு, பால்கோவாவுக்குக் கீழ் தட்டு. டெல்லி தாண்டும்போது பால்கோவா தீர்ந்தது. அவர் கூட்டாளிகள் நல்லவர்கள்.

மலை ஏற ஏறக் கவலை தலைகீழானது. இன்சுலின் உறைந்தாலும் கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜுக்குக் குளிர்விக்கத்தான் தெரியும். குளிரில் கிடக்கிற வேனுக்குள் எதையும் சூடாக வைக்க அதற்கு வழியில்லை. பெட்டியை உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். "எங்கிட்டக் குடு" என்று வாங்கி ஸ்வெட்டருக்கு மேலே, கோட்டுக்கு உள்ளே செருகிக்கொண்டார்.

பனியைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. கையில் அள்ளினேன், உருகியது, கரும்பலகையில் எழுதினது சரிதான்.

சாலையோரத்தில் ஒரு டீக்கடை. கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் வந்த இரண்டு பையன்கள் தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள். வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டுமா.

"எல்லாம் என் செலக்‌ஷன் தம்பி. லித்தியம். குலுங்கினாலும் ஒண்ணும் ஆகாது. ஃப்ரிட்ஜு டி.சி., நேரா பேட்டரில இருந்து ஓடுது. இன்வெர்ட்டர் வழியா விட்டா பாதி வீணாப் போயிரும். வாட்ஸ மட்டும் பாக்கக் கூடாது, எத்தன மணி நேரம்னு பெருக்கணும். பொறவு இந்தச் சோலார் இருக்கு பாத்தியா? இத நெழல்ல நிப்பாட்டவே கூடாது."

"சூப்பர் அங்கிள். ஆன்ட்டிக்கும் இதெல்லாம் தெரியுமா?"

"அவளுக்கு என்ன தெரியும்? அவ டீச்சர்" என்றார்.

மம்சாபுரத்துக்காரர் டீத் தம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது. தெருவில் நின்று பேசின மாதிரி இங்கேயும் பேசிவிடலாம் என்று எழுந்தேன்.

"ஊசி போடணும். பெட்டியக் குடுங்க" என்றேன்.

டீயைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். கோட்டை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டுப் பத்திரமாக எடுத்து நீட்டினார். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கு ஒரு உறை போட்டிருந்தார். பச்சைக் கித்தான் துணி, ஓரமெல்லாம் மடித்துக் கைத்தையல், அதே பித்தளைப் பொத்தான். எப்போது வெட்டினார், எப்போது தைத்தார் என்று எனக்குத் தெரியாது.

பொத்தானை அவிழ்த்து ஊசியைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் பொத்தானை மாட்டி அவரிடமே கொடுத்தேன். பேச வந்ததை மறந்துவிட்டேன்.